வளர்த்தவர் படுத்துவிட்டால்: கல்லடி ஓர்க்கிட் வளவு ஒன்றின் எட்டு மாதம்

இந்த ஆய்வில் வரும் வளவு ஒரு மாதிரி வளவு. மட்டக்களப்புக் கரையோரத்தில் ஓர்க்கிட், அந்தூரியம், அடீனியம் வளர்ப்பவர் நோயில் விழுந்தால் என்னென்ன நடக்குமோ அவற்றை ஒரே வீட்டுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறோம். சாடிகளின் எண்ணிக்கை அந்த மாதிரிக்கு மட்டும் உரியது, புள்ளிவிவரமாக எடுக்க வேண்டாம். காரணங்களும் அளவுகளும் எந்த வளவுக்கும் பொருந்தும்.

வளவும் சாடிகளும்

கல்லடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் நிலம். வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. மகளும் மருமகனும் அதே வளவில் இருக்கிறார்கள், மகன் கனடாவில். வளர்த்தவர் எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற அரச ஊழியர்.

மொத்தம் 165. அதில் டென்ட்ரோபியம் ஓர்க்கிட் கலப்பினங்கள் 62. மரக்கூடையில் வேர் தொங்க வளர்ந்த வாண்டா, மொக்காரா ஓர்க்கிட்டுகள் 28 (இனி இரண்டையும் வாண்டா என்றே சொல்வோம்). நிழல்வலைக்குக் கீழ் அந்தூரியம் 30. வெயிலில், அடி கிழங்குபோல் பருத்த அடீனியம் 38. கள்ளி, சைக்காஸ் என்று இன்னும் 7. டென்ட்ரோபியத்துக்கு ஐம்பது வீத நிழல்வலை, அந்தூரியத்துக்கு எழுபது வீத வலை. தெற்கும் மேற்கும் கிடுகு வேலி, கச்சான் என்ற சூட்டுக் காற்றை மறிக்க.

தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால்தான் பிறகு நடந்தது விளங்கும். டென்ட்ரோபியம் சாடி ஒன்றுக்கு, அடியால் வடியும் அளவுக்கு 400 மில்லிலீற்றர். அந்தூரியத்துக்கு அரை லீற்றர். வாண்டாவை வேர் வெள்ளியிலிருந்து பச்சையாகும்வரை ஓஸ் பைப்பால் நனைக்க வேண்டும். 28 கூடைக்கும் 20 லீற்றர் போகும். இதெல்லாம் சேர்ந்து நாளைக்கு 60 லீற்றர். அடீனியத்துக்குக் கிழமைக்கு இரண்டு தரம், தரத்துக்கு 20 லீற்றர். ஆக, கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் 1000 லீற்றர் தாங்கியில் நிறைந்திருந்தால் இரண்டு கிழமைக்குத்தான் காணும். அதற்குப் பிறகு கிணறோ குழாயோ வேண்டும்.

அவர் கிணற்றுத் தண்ணீரைத் தனியே ஊற்றமாட்டார். மழைத்தண்ணீரோடு, அது முடிந்தால் குழாய்த் தண்ணீரோடு, பாதிக்குப் பாதி கலந்துதான் ஊற்றுவார். யாருக்கும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

முதல் ஒன்பது நாள்

வைகாசிக் கடைசியில் பாரிசவாதம். மனைவியும் மகளும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் நின்றார்கள். கச்சான் தொடங்கியிருந்தது. மேற்கிலிருந்து காட்டையும் காய்ந்த வயலையும் கடந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் தொங்கும் கூடை நிலத்துச் சாடியைவிட எத்தனையோ மடங்கு விரைவாகக் காயும். வாண்டாவின் வேரைச் சுற்றி தும்போ கரியோ இல்லை, வேர்த்தோலில் ஒட்டிய ஈரம்தான் அதன் முழுச் சேமிப்பு. கச்சானில் அது இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. இலை நடுவால் மடிந்து தோல்போலாகும், பிறகு அடியிலைகள் மஞ்சளித்துக் கொட்டும், வேர் கடதாசிபோல் நசியும். அந்த ஒன்பது நாளில் 12 வாண்டா திரும்ப முடியாத நிலைக்குப் போயின. அவை உடனே சாகவில்லை. ஆவணிவரை பச்சையாக நின்றுதான் செத்தன. அதனால் வீட்டில் யாரும் இரண்டையும் தொடர்புபடுத்தவில்லை.

அதே ஒன்பது நாளில் டென்ட்ரோபியம் ஒன்றும் சாகவில்லை. அதன் தடித்த தண்டில் தண்ணீரும் உணவும் இருக்கும். நிழலில் ஒரு கிழமை, பத்து நாள் தாங்கும். அடீனியத்துக்கு மூன்று கிழமை தண்ணீர் இல்லாவிட்டாலும் இலைதான் கொட்டும். அந்தூரியம் நடுவில்: மூன்று நாளில் துவளும், ஐந்தாம் நாள் இலை ஓரம் கருகும்.

அந்த நேரம் வீட்டுக்கு வந்த யாராவது ஒருவர், அரை மணித்தியாலம் செலவழித்து, வாண்டாக் கூடைகளைக் கம்பியிலிருந்து இறக்கி மாமரத்துக்குக் கீழே நெருக்கமாக வைத்து, நிலத்தை நனைத்து, சுற்றி ஈரச்சாக்கு கட்டியிருந்தால் பன்னிரண்டில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த துண்டு ஒன்று இல்லாததன் விலை அது. வந்தவர்கள் இல்லாமலில்லை. அடுத்த வீட்டுப் பெண் மூன்றாம் நாளே வந்து அடீனியத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். பூத்திருந்தது அடீனியம், கண்ணில் பட்டதும் அதுதான்.

உப்பு

பத்தாம் நாளிலிருந்து மருமகன் பொறுப்பெடுத்தார். அவர் ஓட்டோ ஓடுகிறவர். விடிய ஐந்தரைக்குப் போய் இரவு எட்டுக்கு வருபவர். மாமாவின் செடி சாகக்கூடாது என்ற பயத்தில் இரவு வந்து மோட்டாரைப் போட்டு, கிணற்றுத் தண்ணீரால் எல்லாவற்றையும் தலையிலிருந்து அடிவரை கழுவுவார். அக்கறையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வேலைக்குள் மூன்று பிழை இருந்தது. கிணற்றுத் தண்ணீரைத் தனியே ஊற்றியது, இரவில் ஊற்றியது, எல்லாச் சாடிக்கும் ஒரே அளவு ஊற்றியது.

கரையோர மணலில் நல்ல தண்ணீர், அடியில் கிடக்கும் உவர்த்தண்ணீருக்கு மேல் ஒரு படையாகத்தான் நிற்கிறது. மழையில்லாத மாதங்களில் அந்தப் படை மெலியும். மோட்டாரால் நெடுநேரம் இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறும். குடிக்க வாயில் தெரியாத உப்பு ஓர்க்கிட் வேருக்குத் தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீற்றரில் 250க்குக் கீழே காட்டினால் ஓர்க்கிட்டுக்கு நல்லது. 500ஐத் தாண்டினால் வேர்நுனி கருகத் தொடங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த மீற்றர் பேனையளவு சாமான், விலையும் பெரிதில்லை. இந்தக் கரையில் செடி வளர்க்கும் வீட்டில் பசளைப் பைக்கு முன் வாங்க வேண்டியது அதுதான்.

உப்பின் அடையாளம்: சாடியில் போட்ட தேங்காய்ப் பொச்சுத்துண்டின் மேலும் சாடி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு, டென்ட்ரோபியம் இலைநுனியில் ஒரு விரல் அகலக் கருகல், அந்தூரியம் இலையின் சுற்றோரம் பழுப்பு. கருகலைக் கண்ட மருமகன் தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் கூடுதலாக ஊற்றினார். அதோடு பழைய பொச்சை மாற்றப் புதுப் பொச்சு வெட்டிப் போட்டார். கடற்கரைத் தென்னையின் பொச்சிலேயே உப்பு இருக்கும். மூன்று தரம் தண்ணீர் மாற்றி, ஒவ்வொரு தரமும் ஒரு நாள் ஊறவிட்டுப் பிழிந்த பிறகுதான் அதைச் சாடியில் போடலாம்.

உப்பேறிய சாடியைத் திருப்பலாம். சாடியின் கொள்ளளவைப்போல் மூன்று, நான்கு மடங்கு மழைத்தண்ணீரை ஆறுதலாக ஊற்றி வடியவிட வேண்டும். ஒரு கிழமை விட்டு இன்னொரு தரம். இந்த இடைவெளியில் பசளை வேண்டாம். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரையும் பாவிக்கலாம், தண்ணீர் பில் ஏறும் என்பதை மட்டும் நினைவில் வைத்து.

யாரும் முடிவெடுக்காத மாதங்கள்

இந்த ஆய்வில் மிக முக்கியமான பகுதி இதுதான் என்பது எங்கள் கருத்து. செடி சேர்ப்பவர்கள் பெரும்பாலும் மரணத்துக்குத்தான் திட்டம் போடுகிறார்கள்: எனக்குப் பிறகு இது இன்னாருக்கு, அது இன்னாருக்கு. ஆனால் இந்த வளவில் ஆனியிலிருந்து ஐப்பசிவரை நடந்த சேதம் மரண வீட்டின் சேதத்தைவிடப் பெரிது. மரணத்துக்குப் பிறகு வீட்டில் முடிவெடுக்க ஒருவர் இருப்பார். நோய்க்காலத்தில் இருக்கமாட்டார். கட்டிலில் கிடப்பவர் எழும்பி வருவார் என்ற நம்பிக்கையே யாரையும் ஒரு சாடியைக்கூட அசைக்கவிடாது.

அவருக்குப் பேச்சு பாதி போயிருந்தது. மகள் கட்டிலடியில் நின்று, "அப்பா, செடியளெல்லாம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்வார். காத்தான்குடியில் நாற்றுமேடை வைத்திருக்கும் நெடுநாள் கூட்டாளி ஒருவர் ஆனியில் வந்து, "தங்கச்சி, வாண்டாவையெல்லாம் என்னட்டத் தாங்க, காக்கா (அண்ணன்) சுகமாகி வந்ததும் திருப்பித் தாறன்" என்று கேட்டார். மனைவிக்கு விருப்பம்தான். ஆனால் கனடாவிலிருந்த மகன் தொலைபேசியில் வேண்டாம் என்றார். அப்பா வந்து பார்க்கும்போது கம்பி வெறுமையாக இருக்கக் கூடாதாம். அவருடைய மனம் விளங்குகிறது. என்றாலும் அந்த ஒரு "வேண்டாம்" கம்பியை இன்னும் வெறுமையாக்கியது.

இங்கே தேவைப்பட்டது மரணசாசனம் இல்லை. "நான் இரண்டு கிழமைக்கு மேல் வீட்டில் இல்லாவிட்டால் வாண்டாவை இன்னாரிடம் கொடுத்துவிடுங்க. என்னைக் கேட்க வேண்டாம். திரும்பி வந்தால் கேட்டு வாங்குவேன், கேட்காவிட்டால் அவருக்கே" என்று அவர் சுகமாக இருக்கும்போது கையெழுத்திட்ட நாலு வரி. சட்டப்படி அதற்குப் பெரிய கனம் இல்லைதான். ஆனால் வீட்டுக்குள் அதன் கனம் போதும்: மனைவி அதை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

இதே மாதங்களில் நடந்த சின்னச் சின்னவை: கச்சானில் நிழல்வலையின் மேற்கு மூலை கிழிந்து, கட்டாமல் விட்டதால் இருபது டென்ட்ரோபியம் நடுப்பகல் வெயிலில் வெந்தன, இலையில் வெளிறிய வட்டம் விழுந்து பிறகு கறுத்தது. உறவுக்காரர் ஒருவர் உதவியாக வந்து இலையில்லாத பழைய தண்டுகளைக் காய்ந்தவை என்று நினைத்து அடியோடு வெட்டினார். அந்தத் தண்டுதான் புதுத் தளிருக்கு உணவு கொடுப்பது. சுருங்கிப் பழுப்பானால் ஒழிய அதை வெட்டக் கூடாது. வெட்டிய கத்தியை ஒரு தரமும் நெருப்பில் காட்டவில்லை. ஓர்க்கிட் வைரஸ் சாடிவிட்டுச் சாடி போகும் பெரிய வழி கத்திதான். தளிர்களில் வெண்மூட்டுப் பூச்சி ஏறியது. படலை திறந்து கிடந்த ஒரு நாள் ஆடு வந்து அடீனியத்தில் நாலைக் கடித்தது. அடீனியப் பால் நஞ்சு, ஆட்டுக்காரருக்கும் சேதி சொல்ல வேண்டியிருந்தது.

மாரியும் மரண வீடும்

கிழக்கின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி நடுவிலிருந்து தைக்குள் கொட்டித் தீர்க்கும். அதுவரை உப்பிலும் சூட்டிலும் இளைத்த வேர்கள் அப்போது தொடர்ந்து பல நாள் நனைந்து நிற்கின்றன. மருமகனின் இரவுத் தண்ணீர் மாரியிலும் நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவருக்கோ அது மாமாவுக்குச் செய்யும் கடமை. வாண்டாவின் குருத்தில் இரவு முழுக்கத் தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகும். காலை ஒன்பதுக்கு முன் ஊற்றினால் பகலில் உலர்ந்துவிடும், இரவில் ஊற்றினால் உலர வழியில்லை.

கறுப்பழுகல் ஐந்து வாண்டாவையும் பல டென்ட்ரோபியத்தையும் எடுத்தது. இலையடியில் ஈரமான கறுப்புப் புள்ளியாகத் தொடங்கும். இரண்டு நாளில் தண்டுக்கு இறங்கும். கண்டவுடன் கறுப்புக்குக் கீழே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டி, வெட்டுவாயில் கறுவாத்தூள் பூசி, மழை படாத இடத்தில் தனியே வைக்க வேண்டும். கறுவாத்தூள் வேரில் பட்டால் வேரைக் காயவைக்கும். இலை, தண்டு வெட்டுவாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டியதைக் குப்பைக் கிடங்கில் போடாமல் எரிக்க வேண்டும்.

அடீனியத்தின் கதை சுருக்கமானது. மாதக்கணக்கில் ஓர்க்கிட்டோடு சேர்த்து நாளும் தண்ணீர், பிறகு மாரி. பதினேழு அடிக்கிழங்கு அழுகிப் போயின. பெருவிரலால் அமத்தினால் பொதுக்கென்று உள்ளே போனால் அழுகல். ஆரம்பத்தில் கண்டால் வெள்ளைச் சதை வரும்வரை செதுக்கி, நிழலில் ஒரு கிழமை, பத்து நாள் உலரவிட்டு, பருமணலும் செங்கல் துண்டும் கலந்து நடலாம். கையுறை போட்டுக்கொண்டு.

கார்த்திகையில் அவர் இறந்தார். மரண வீட்டில் பந்தலும் கதிரையும் போட இடம் வேண்டும். நிழல்வலைக்குக் கீழிருந்த சாடிகளைப் பொடியன்கள் ஒரு மணித்தியாலத்தில் தூக்கி மதிலோரம் அடுக்கினார்கள். டென்ட்ரோபியச் சாடியில் அவர் குத்தியிருந்த பெயர்த்துண்டுகளில் பாதி அப்போது விழுந்தன. எஞ்சியவற்றில் எழுத்தில்லை, மார்க்கர் பேனையின் மை இந்த வெயிலில் நெடுநாள் நிற்காது. சாடித்தட்டுகளில் தண்ணீர் தேங்கியிருந்ததைக் கண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்துவிட்டுப் போனார். டெங்கு நுளம்பின் முட்டை பத்து நாளுக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும், அவர் சொன்னது நியாயம்தான். பயந்துபோன வீட்டார் தட்டுகளோடு சேர்த்துச் சில சாடிகளையும் கவிழ்த்துக் கொட்டினார்கள்.

எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் வந்தவர்கள், "ஞாபகத்துக்கு ஒரு கன்று தாங்க" என்று கேட்டார்கள். கேட்டவருக்கெல்லாம் மனைவி கொடுத்தார். 18 சாடி போனது. பூத்து நின்றவைதான் போகும், அதாவது நல்லவை, தாய்ச்செடியாக வைத்திருக்க வேண்டியவை. எடுத்தவர்களில் இருவர் பராமரித்துத் திருப்பித் தருவதாகச் சொல்லி எடுத்ததாகப் பிறகு மகள் சொன்னார். எடுத்தவர்களோ தந்ததாகச் சொன்னார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை.

கொட்டிலில் இன்னொரு வில்லங்கம் இருந்தது. சோடாப் போத்தல்களில் ஊற்றி வைத்த, பெயர் ஒட்டாத மருந்து மூன்று. எதற்கு, எவ்வளவு, எந்த ஆண்டு என்று அவருக்கு மட்டுமே தெரியும். சின்னப்பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் இது செடிப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. மருந்து வாங்கிய போத்தலிலேயே இருக்க வேண்டும், பூட்டிய பெட்டிக்குள். வேறு போத்தலில் இருப்பதை இன்றே விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அகற்றுங்கள். கிணற்றடியிலோ வாவியிலோ ஊற்றக் கூடாது. விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் கேட்கலாம்.

தையில் எண்ணியபோது

டென்ட்ரோபியம் 34, வாண்டா 11, அந்தூரியம் 19, அடீனியம் 15, கள்ளியும் சைக்காசும் ஏழும் அப்படியே. 165இல் 86. செத்தவை 61, கைமாறியவை 18. எஞ்சிய டென்ட்ரோபியத்தில் பெயர் தெரிந்தவை ஒன்பதே. பெயரில்லாத கலப்பினம் ஒன்றை அழகுக்கு வைத்திருக்கலாம்; மாற்றிக்கொள்ளவோ விற்கவோ இன்னொருவரிடம் அதே வகை இருக்கிறதா என்று பார்க்கவோ முடியாது. செத்த 61ஐவிட இந்தப் பெயரிழப்பைத்தான் நாங்கள் பெரிதாக எடுக்கிறோம். செத்ததைத் திருப்பி வாங்கலாம், என்ன வாங்குவது என்று தெரிந்தால்.

தாங்கியடியில் தொங்க வேண்டிய தாள்

பராமரிப்புக் குறிப்பு என்று இருபது பக்கம் எழுதி வைப்பவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடும் வீட்டில் அதை யாரும் வாசிக்கமாட்டார்கள். ஒரு பக்கம், பெரிய எழுத்து, பிளாஸ்டிக் உறைக்குள், தண்ணீர்த்தாங்கியடியில். சாடிகளுக்கு நிறத்துணி கட்டிவிட்டால் செடியின் பெயர் தெரியாதவரும் ஊற்றலாம்: வாண்டாவுக்குச் சிவப்பு, டென்ட்ரோபியத்துக்கும் அந்தூரியத்துக்கும் மஞ்சள், அடீனியத்துக்கு நீலம். இந்த வளவுக்கு அந்தத் தாள் இப்படி இருந்திருக்கும்:

"சிவப்புத் துணி கட்டின கூடைகள்: நாளும் காலையில் ஒன்பதுக்கு முன்ன, வேர் பச்சையாகும்வரை பைப்பால நனையுங்க. கச்சான் நேரம் பின்னேரம் நாலு மணிக்கும் ஒருக்கா. எல்லாத்தையும் ஒரே வாளிக்குள்ள முக்க வேணாம், ஒண்டின்ர வருத்தம் மத்ததுக்குப் போகும். இரண்டு நாள் ஆள் இல்லையெண்டா இறக்கி மாமரத்துக்குக் கீழ வைங்க.

மஞ்சள் துணி: மேல் பொச்சைத் தொட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா ஒரு டம்ளர் நிறைய இரண்டு தரம். ஈரமெண்டா விடுங்க. மழை பெய்யிற நாளில ஊத்த வேணாம்.

நீலத் துணி: வழமையா ஊத்த வேணாம். கச்சான் மாதத்தில மட்டும் கிழமைக்கு ஒருக்கா. மாரி தொடங்கினதும் தாழ்வாரத்துக்குள்ள எடுங்க.

தண்ணீர்: தாங்கித் தண்ணீர் மட்டும். அது தீர்ந்து போனா கிணத்துத் தண்ணீர் அரை வாளி, குழாய்த் தண்ணீர் அரை வாளி. இரவில ஊத்த வேணாம்.

பசளை வேணாம். வெட்ட வேணாம். சாடி மாத்த வேணாம். சாடித்தட்டைக் கிழமைக்கு ஒருக்காக் கவிழ்த்து ஊத்துங்க.

ஆரும் கன்று கேட்டா: கொப்பியில எழுதாம ஒண்டும் குடுக்க வேணாம்."

இதில் அடீனியத்துக்கு எழுதியிருப்பது வளர்த்தவர் கொடுத்ததைவிடக் குறைந்த தண்ணீர். அது தெரிந்தே செய்வது. தெரியாத கையில் அடீனியம் தாகத்தால் சாவதைவிட ஈரத்தால் சாவதுதான் வழக்கம். பசளையையும் அதனால்தான் நிறுத்துகிறோம். லீற்றருக்கு ஒரு கிராம் போட வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி போய்விடும். ஆறு மாதம் பசளை இல்லாமல் பூ குறையும், செடி சாகாது.

தானியங்கி வால்வு மாட்டினால் போதுமே என்று கேட்பார்கள். மாட்டலாம். ஆனால் கடையில் கிடைக்கும் ரைமர்களில் சொலினொயிட் என்ற மின்காந்த வகை, குழாய் அழுத்தம் இருந்தால்தான் திறக்கும். இரண்டு மீற்றர் உயரத் தாங்கியிலிருந்து வரும் அழுத்தம் ஏறக்குறைய 0.2 பார், அதற்குக் காணாது. பந்து வால்வு வகை என்று கேட்டு வாங்க வேண்டும். பற்றரி இருக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தரம் பார்ப்பதும், வாய்களில் அடைக்கும் பாசியை எடுப்பதும் யாருடைய வேலை என்று தாளில் ஒரு வரி வேண்டும். மோட்டாரோடு நேரே இணைத்தால் மின்சாரம் போன நாள் எல்லாம் போகும்.

பெயருக்கு: சோடா தகரக் குவளையை வெட்டித் தட்டையாக்கி, காய்ந்த போல்பொயின்ற் பேனையால் அமத்தி இலக்கம் எழுதுங்கள். எழுத்துப் பள்ளமாக விழும், மை தேவையில்லை. ஓரத்தை மடித்துவிட வேண்டும், கையை வெட்டும். துண்டைச் சாடியில் குத்தாமல் கூடையிலோ தண்டடியிலோ கம்பியால் கட்டுங்கள். இலக்கத்துக்கு எதிரே பெயர், வாங்கிய இடம், ஆண்டு எல்லாம் கொப்பியில். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து மகளுக்கு ஒன்று, கூட்டாளிக்கு ஒன்று.

பிரதி வைத்தல்

அரிய செடி ஒன்று ஒரே வளவில் மட்டும் இருந்தால் அது பாதுகாக்கப்பட்ட செடி இல்லை. டென்ட்ரோபியம் தண்டில் முளைக்கும் குட்டிக்கு வேர் இரண்டு அங்குலமானதும் பிரித்து, இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். நெடுத்த வாண்டாவை, மேல் பாதியில் மூன்று நல்ல வேர் இருந்தால், வெட்டி இரண்டாக்கலாம். வாங்குபவர் உங்கள் தெருவில் இருந்தால் பாதிப் பயன்தான். 1978 கார்த்திகைச் சூறாவளியும் 2004 மார்கழி சுனாமியும் கண்ட கரை இது. ஒரு பிரதி செங்கலடி, வந்தாறுமூலைப் பக்கம் போகட்டும்.

உரிமையும் பணமும்

நிலத்தில் வேர்விட்டு நிற்பது நிலத்தோடு போகும். சீதன வளவில் நட்ட சைக்காஸ் வளவுக்காரியுடையது, வாங்கியவர் யாராக இருந்தாலும். சாடியில் இருப்பது அசையும் சொத்து. மரணசாசனம் இல்லாவிட்டால் 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பங்களுக்கு அவர்களுடைய மரபுரிமைச் சட்டம். சாடிக்காக வழக்காடுவோர் இல்லை. ஆனால் விலையுள்ள சேர்ப்பு ஒன்றை ஒருவரிடம் மொத்தமாகப் போகச் செய்ய வேண்டுமென்றால் எழுதத்தான் வேண்டும். மரணசாசனம் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிக்கும் முன்னால் கையெழுத்திட வேண்டியது. நொத்தாரிசு இல்லையென்றால் ஒரே நேரத்தில் நிற்கும் ஐந்து சாட்சி வேண்டும். அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் செயற்படும் அதிகாரம்) கொடுத்திருக்கிறேன் என்று நம்பியிருப்பவர்களுக்கு: கொடுத்தவர் இறந்த கணமே அது செல்லாது.

பொறுப்பெடுப்பவருக்கு மூன்று மாதத் தண்ணீர் பில், பொச்சு, கூலி ஆகியவற்றுக்கான பணம் உங்கள் தனிக்கணக்கில் இருந்தால் பயனில்லை. இறந்தவரின் கணக்கு பெரும்பாலும் சட்டவேலை முடியும்வரை முடங்கும். மனைவியின் பெயரிலோ கூட்டாளியின் கையிலோ இருக்கட்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்பதுண்டு, அப்பாவின் ஒரு செடியை இங்கே எடுக்கலாமா என்று. ஓர்க்கிட் குடும்பம் முழுக்க, அருகும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வருவது. அனுமதிப் பத்திரமும் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது குற்றம். மாமரத்தில் கட்டியிருக்கும் காட்டு ஓர்க்கிட்டைப் பற்றியும் கொப்பியில் எப்படி வந்தது என்று எழுதுங்கள். வெசாக் ஓர்க்கிட் போன்றவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத செடியைப் பெறுபவர்தான் பிறகு பதில் சொல்ல நேரும்.

ஒத்திகை

வருடத்துக்கு இரண்டு தரம்: சித்திரை கழிந்து கச்சானுக்கு முன், புரட்டாதியில் மாரிக்கு முன். வளர்ப்பவர் கதிரையில் இருக்க, பொறுப்பெடுக்கப் போகிறவர் தாளை மட்டும் பார்த்து ஒரு கிழமை வேலையைச் செய்ய வேண்டும். வளர்ப்பவர் வாய் திறக்கக் கூடாது. கஷ்டம்தான், மருமகன் நீலத் துணியில் தண்ணீர் ஊற்றும்போது பார்த்துக்கொண்டிருப்பது. ஆனால் அவர் ஊற்றினால் தாளில்தான் ஏதோ பிழை: துணி வெயிலில் வெளிறியிருக்கும், அல்லது எழுத்து சின்னதாக இருக்கும். மோட்டார் ஆளி எங்கே, கொட்டில் திறப்பு யாரிடம், தாங்கியின் வால்வு எந்தப் பக்கம் திருகுவது என்பதெல்லாம் இந்த ஒரு கிழமையில் வெளிவரும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற ஒருவர் விடிய இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்கமாட்டார், அதுவும் நல்ல மனிதராக இருந்தால். 165 சாடிக்கு முக்கால் மணித்தியாலம் போகும். அந்த வித்தியாசத்தைத் தாளால் சரிக்கட்ட முடியாது. தண்ணீர் அதிகம் கேட்கும் வாண்டாவில் பாதியையும், பெயர் தொலைந்த டென்ட்ரோபியத்தையும், சுகமாக இருக்கும்போதே, பூத்திருக்கும்போதே, விரும்பிக் கேட்பவருக்குக் கொப்பியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு திரும்ப நேரம் பாருங்கள். இருபது நிமிடத்துக்குள் வராவிட்டால் இன்னும் கொடுக்கலாம்.